தோசை மாஸ்டருக்கு ஆஸ்திரேலிய விசா: மெனு கார்டுதான் சாட்சி!

[காட்சி: சூடான கல்லில் மாவு விழும் சத்தம்]

வணக்கம்! சிட்னியில் ஓர் உணவகம். முதலாளி ஊரிலிருந்து ஒரு செஃபை எடுக்கப் பார்க்கிறார். ஆள் தயார். கைப்பக்குவம் பிரமாதம். சம்பளமும் பேசியாகிவிட்டது. ஆனாலும் விண்ணப்பம் அடிபடலாம்! ஏனென்றால் அதிகாரி கேட்கும் கேள்வி, "இவருக்குச் சமைக்கத் தெரியுமா?" என்பது மட்டுமல்ல. "உங்கள் கடையில் அப்படி ஒரு வேலை இருக்கிறதா?" என்றும் கேட்பார்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது 482 விசா, அதாவது முதலாளி ஆதரவோடு வெளிநாட்டவர் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும் தற்காலிக விசா. 2024 டிசம்பர் 7 முதல் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்று பெயர். முதலாளி ஸ்பான்சராக வேண்டும், அப்புறம் நாமினேஷன், அதாவது 'இந்த வேலைக்கு இந்த ஆள்' என்று முதலாளி முன்மொழிவது, கடைசியில் விசா. நமக்கு இன்று நாமினேஷன் போதும். வேலை உண்மையானதாகவும் முழுநேரமாகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

[திரையில்: 351311, 351411]

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த எண்கள் 'ஆன்ஸ்கோ' என்ற தொழில் பட்டியலில் வருபவை. முதலாவது செஃப், அடுத்தது குக். குக் சமைப்பவர். செஃப் அதோடு மெனுவைத் திட்டமிடுவார், செலவுக் கணக்குப் பார்ப்பார், மற்றவர்களைப் பழக்குவார். இப்போது நம் கடையைப் பாருங்கள். பன்னிரண்டு நாற்காலி, மெனுவில் இட்லி, தோசை, வடை. அடுப்படியில் ஏற்கெனவே ஒரு செஃப், பாத்திரம் கழுவ ஒருவர். இரண்டாவது செஃப் வந்து யாரைப் பழக்குவார், பாத்திரம் கழுவுபவரையா? ஆகவே மெனு கார்டே சாட்சி சொல்லும், சில சமயம் முதலாளிக்கு எதிராகவே! அதிலும் டேக்அவே, ஃபாஸ்ட்ஃபுட் கடை என்றால் செஃப் நாமினேஷனுக்குத் தனித் தடையே உண்டு.

"எங்களுக்கு ஆள் மிக அவசரம்" என்று உருக்கமாகக் கடிதம் எழுதினால் போதாது. பழைய செஃப் கொடுத்த ராஜினாமா கடிதம், ஆள் போதாமல் திணறுவதைக் காட்டும் ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை), விற்பனை ஏறியதைச் சொல்லும் வரித் தாக்கல், யாருக்குக் கீழே யார் என்ற வரைபடம், இவையெல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், ரோஸ்டர் ஒன்று பத்துக் கடிதத்துக்குச் சமம்.

பெரும்பாலான நாமினேஷன்களில், உள்ளூரில் ஆள் தேடி வேலை விளம்பரமும் கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு விளம்பரம், 28 நாளாவது. மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு 'மணமகன் தேவை' என்று பத்திரிகையில் போடுவது போலத்தான் பலர் இதைச் செய்கிறார்கள். உள்ளூரில் தகுதியான ஆள் விண்ணப்பித்தால் என்ன செய்வார்களோ!

ஒரு விஷயம். "ஸ்பான்சர் பண்ணுகிறேன், இத்தனை லட்சம் கொடு" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து அங்கே சிறைக்குரிய குற்றம். கொடுத்தவருக்கும் அபராதம் வரலாம், விசாவும் ரத்தாகலாம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். தோசை மாஸ்டர் செஃபா, குக்கா? கமெண்டில் சண்டை போடுங்கள், நான் சட்னியோடு வந்து படிக்கிறேன்.