தாமஸ் சே: கயோட்டியையும் கொசுவையும் பதிவேட்டில் ஏற்றியவர்

[திரையில்: குதிரையின் முழு எலும்புக்கூடு. அதன் கால்களுக்கு நடுவே விரித்த படுக்கை.]

பிலடெல்பியா நகரம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இயற்கை அறிவியல் கழகத்தின் காட்சிக்கூடத்தில் நிற்கும் இந்தக் குதிரை எலும்புக்கூட்டுக்கு அடியில்தான் அமெரிக்க இயற்கையியலாளர் தாமஸ் சே படுத்துக்கொள்வார். சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் பாலும். துறவு மனப்பான்மை எல்லாம் இல்லை, கையில் காசில்லை. அவ்வளவுதான்.

காசு போன கதை நமக்கும் பழக்கமானதுதான். அப்பா மருத்துவர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஜான் ஸ்பீக்மன் என்ற கூட்டாளியோடு சே மருந்துக்கடை வைத்தார். நண்பர்களின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். கடை மூழ்கிப்போனது.

வியாபாரத்தில் அவருக்கு மனசே இல்லை என்றும் சொல்லலாம். 1787இல் பிறந்த சேவுக்குத் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா யார் தெரியுமா? அமெரிக்காவின் பெயர்பெற்ற தாவரத் தோட்டத்தை உருவாக்கிய ஜான் பார்ட்ராம். அவருடைய மகன் வில்லியம் பார்ட்ராமுக்காகச் சிறுவயதிலேயே பூச்சி பிடித்துக் கொடுத்த பையன் இவர்.

[திரையில்: கப்பல் ஏறும் மரப்பெட்டிகள். உள்ளே குத்தி வைத்த வண்டுகள்.]

அன்றைய நிலைமையைப் புரிந்துகொண்டால்தான் சே செய்த வேலையின் அருமை தெரியும். அமெரிக்காவில் பிடிக்கும் பூச்சி கப்பலேறி லண்டனுக்கோ பாரிஸுக்கோ போகும். அங்கே உள்ள அறிஞர் அதை விவரித்துப் பெயர் வைப்பார். இங்குள்ளவர்கள் தங்கள் தோட்டத்துப் பூச்சி எதுவென்று தெரிந்துகொள்ள ஐரோப்பியப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கேயே விவரிப்போம், இங்கேயே அச்சடிப்போம் என்பதுதான் சேவின் பிடிவாதம். 1812இல் தொடங்கிய இயற்கை அறிவியல் கழகத்தின் முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1817இல் கழகம் சொந்த இதழைத் தொடங்கியதும் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார்.

1819இல் ஸ்டீபன் லாங் தலைமையில் ராக்கி மலை நோக்கிக் கிளம்பிய அரசுப் பயணக்குழுவில் விலங்கியலாளர் இடம் சேவுக்குக் கிடைத்தது. குளிர்காலத்தில் மிசௌரி ஆற்றங்கரையில், இன்றைய ஓமஹா நகருக்கு வடக்கே முகாம் போட்டார்கள்.

[திரையில்: பனி படிந்த ஆற்றங்கரை. பெட்டிப் பொறி ஒன்று.]

அங்கேதான் கயோட்டி, அதாவது ஓநாய்க்கு உறவான வட அமெரிக்க விலங்கு, வந்து சேர்கிறது. புல்வெளி ஓநாய் என்று அப்போது சொன்னார்கள். அந்தச் சமவெளிப் பழங்குடியினருக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விலங்கு. அறிவியல் பதிவேட்டில்தான் இடம் இல்லை. பதிவு செய்ய வேண்டுமானால் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். ஓவியர் டிஷியன் பீல் ஆறடி நீளத்தில் ஒரு பெட்டிப் பொறி செய்து, உள்ளே இறைச்சிக் கழிவைக் கொட்டிவைத்தார். கயோட்டி என்ன செய்தது? தரைக்கு அடியில் குழி தோண்டி, பலகை இடுக்கு வழியாக இறைச்சியைக் கீழே இழுத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டது!

அடுத்து மேலே வாய் வைத்த கூண்டு. உள்ளே இறங்கவே இல்லை. அதற்கடுத்து இரும்புப் பொறியைச் சருகுக்குள் மறைத்தார்கள். சுற்றிலும் காலடித் தடம், பொறி அப்படியே கிடந்தது. இறைச்சியைப் பொறிக்கு மேலே மரக்கிளையில் தொங்கவிட்டு, பக்கத்து மரங்களிலும் தொங்கவிட்டார்கள். விடிந்து பார்த்தால் பொறிக்கு மேலே இருந்த துண்டு மட்டும் மிச்சம். கடைசியில் மரக்கட்டை விழுந்து அமுக்கும் பொறியில்தான் சிக்கியது. இதை எல்லாம் சே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். இது வெறும் உள்ளுணர்வைத் தாண்டிய திறமை போலிருக்கிறது என்றும் குறிப்பிடுகிறார். 1823இல் வெளிவந்த பயண நூலில் கானிஸ் லேட்ரன்ஸ் என்ற அறிவியல் பெயரோடு கயோட்டி பதிவானது.

பயணத்தின் முடிவில்தான் பேரிடி. 1820 ஆகஸ்ட் கடைசியில், ஒரு ராத்திரி, மூன்று படைவீரர்கள் குதிரைகளைக் கிளப்பிக்கொண்டு ஓடிப்போனார்கள். சேணப்பைகளில் இருந்த சேவின் குறிப்பேடுகளும் கூடவே போயின. விலங்குகள், பழங்குடி மொழிச் சொற்கள், வழக்கங்கள் என்று சேர்த்ததில் பெரும்பகுதி போச்சு. ஓடியவர்களுக்கு அந்தக் காகிதங்களால் ஒரு பைசா பயன் இருந்திருக்காது.

அதன் பிறகும் 1823இல் லாங்கோடு இன்னொரு பயணம். 1824 முதல் 1828 வரை அமெரிக்கப் பூச்சிகள் பற்றிய மூன்று தொகுதிகள்.

1826 தொடக்கத்தில், அறிஞர்களும் ஆசிரியர்களும் நிறைந்த ஒரு படகில் இண்டியானா மாநிலத்தின் நியூ ஹார்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். ராபர்ட் ஓவன் அங்கே பொதுவுடைமைக் குடியிருப்பு ஒன்றை நடத்த முயன்றார். அது ஓரிரு ஆண்டில் கலைந்தது, சே கலையவில்லை. அதே படகில் வந்த லூசி சிஸ்டேரை 1827இல் மணந்தார். சிப்பி, நத்தை பற்றி சே எழுதிய நூலை அந்த ஊரிலேயே அச்சடித்தார்கள். அதிலுள்ள 68 படங்களில் 66 லூசி வரைந்தவை. 1841இல் பிலடெல்பியா கழகம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். என்னைக் கேட்டால் லூசிக்குத் தனி வீடியோவே போடலாம்.

1834 அக்டோபரில் காய்ச்சலில் சே இறந்தார். வயது 47. அவர் சேகரித்த பூச்சிகள் மாசசூசெட்ஸில் இருந்த ஹாரிஸ் என்ற பூச்சியியலாளரிடம் போய்ச் சேர்ந்தபோது, உலர்ந்த பூச்சிகளைத் தின்னும் வண்டுகள் பெரும்பாலானவற்றை அரித்துவிட்டிருந்தன. வண்டுகளில் மட்டும் 1,000க்கு மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தவரின் சேகரிப்புக்கு வண்டே எமனாகிவிட்டது. மிஞ்சியது எழுத்துதான்.

[திரையில்: கொசு, உண்ணி, வரிபோட்ட வண்டு.]

அந்த எழுத்தில் என்ன இருந்தது? 1821இல் ஒரு உண்ணியை விவரித்திருந்தார். அதுதான் இன்று கிழக்கு அமெரிக்காவில் லைம் நோய் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புகிறது. 1824இல் ஒரு கொசு. அமெரிக்காவில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய அனோபிலிஸ் வகைக் கொசு அது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் 1897இல்தான் கண்டுபிடித்தார். அதற்கு 73 வருஷம் முன்பே சே அந்தக் கொசுவின் சிறகுப் புள்ளிகளைக் கவனித்து எழுதிவிட்டார். எதற்குப் பயன்படும் என்று அவருக்கும் தெரியாது.

அதே 1824இல் இன்னொன்று: முதுகில் பத்துக் கோடு போட்ட வண்டு. ராக்கி மலைப் பக்கம் ஒரு காட்டுச் செடியைத் தின்று தன்பாட்டுக்கு வாழ்ந்தது. சேவின் பூச்சி எழுத்துகளை எல்லாம் திரட்டி லெகான்ட் என்ற பூச்சியியலாளர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆண்டு 1859. அதே 1859இல்தான் நெப்ராஸ்கா விவசாயிகளின் உருளைக்கிழங்கு வயலில் அந்த வண்டு இறங்கியது. 1874க்குள் அட்லாண்டிக் கடற்கரையைத் தொட்டது. ஆர்சனிக் கலந்த பாரிஸ் பச்சைத் தூளைத் தூவிப் பார்த்தார்கள். அன்று தொடங்கிய மருந்தடிப்பு இன்னும் நிற்கவில்லை. 50க்கும் மேற்பட்ட பூச்சிமருந்துகள் அதனிடம் பலிக்காமல் போயிருக்கின்றன.