பழிதீர்க்கும் பெண் ஆவிகள்: ஓயிவாவும் அவளுக்கு முன்னும் பின்னும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அநீதிக்கு ஆளாகி இறந்து, தீராத சினத்தோடு திரும்பி வரும் ஆவியை ஜப்பானியர் ஓன்ரியோ என்று அழைக்கின்றனர். வெண்ணிறச் சவ ஆடையும் முகத்தில் சரியும் கருங்கூந்தலுமாகத் திரைப்படங்களில் நாம் காணும் பெண்ணுருவமே அதன் தொன்மையான வடிவம் என எண்ணிவிட வேண்டாம். பழங்காலத்தில் அரசவையை நடுங்க வைத்த ஓன்ரியோக்களுள் புகழ்பெற்றவர்கள் ஆண்களே. சூழ்ச்சியால் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டு 903-இல் இறந்த அறிஞர் சுகவாரா நொ மிச்சிசானே அவர்களுள் ஒருவர். அவருக்குப் பின் நேர்ந்த சாவுகளையும், அரண்மனையில் விழுந்த இடியையும் அவருடைய சினமாகக் கருதிய அரசவை, அவருக்குப் பதவிகளைத் திருப்பி அளித்துத் தெய்வமாகவே வழிபட்டது.

பெண்ணின் சினம் முதலில் வேறு வகையாக எழுதப்பட்டது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவைப் பெண்மணி முராசாகி ஷிகிபு இயற்றிய ‘கெஞ்சியின் கதை’ என்னும் புதினத்தில், காதலன் கெஞ்சியால் புறக்கணிக்கப்பட்ட ரொகுஜோ சீமாட்டியின் ஆவி, அவள் உயிரோடு இருக்கும்போதே உடலை நீங்கிச் சென்று, அவனுடைய மனைவி ஆவோயியை வருத்துகிறது. நோயாளியின் அருகே சடங்கில் எரித்த விதைகளின் வாசம் தன் ஆடையில் வீசுவதை உணர்ந்து, ஆடை மாற்றியும் கூந்தலைக் கழுவியும் அது அகலாதபோதுதான், தான் எங்கே போய் வந்தோம் என்பது அவளுக்கே புலப்படுகிறது. இதைவிடக் கொடிய பேய்க் காட்சியை நான் படித்ததில்லை.

இன்றைய தோக்கியோவான எடோ நகரத்து மேடையில்தான் எளிய குடும்பத்துப் பெண் இந்தச் சினத்துக்கு உரியவளாகிறாள். நாடகாசிரியர் நான்காம் சுருயா நன்போகு எழுதிய ‘யோட்சுயா பேய்க்கதை’ என்னும் நாடகம், 1825-ஆம் ஆண்டுக் கோடையில் நகமுரா அரங்கில், இறந்த தலைவனுக்காகப் பழிவாங்கும் விசுவாசமிக்க வீரர்களைப் போற்றும் சூஷிங்குரா நாடகத்தோடு பின்னி இரண்டு நாள் நிகழ்ச்சியாக நடிக்கப்பட்டது. பேய்க்கதையின் நாயகி ஓயிவா; அவளுடைய கணவன் இயெமோனும் அதே தலைவனிடம் பணிபுரிந்தவனே. பக்கத்து வீட்டுச் செல்வரின் பேத்தியை மணக்க ஆசைப்பட்டு, பிள்ளைபெற்று நலிந்திருக்கும் மனைவியைக் கைவிடும் அவனை அந்த வீரர்களுக்கு அருகிலேயே நிறுத்தியதில் நன்போகுவின் கூர்மை தெரிகிறது.

அந்த வீட்டார் மருந்தென்று அனுப்பிய நஞ்சை ஓயிவா நன்றியோடு வணங்கி அருந்துகிறாள், முகம் சிதைகிறது. உண்மை அறிந்த பிறகும் அவள் கத்தியைத் தேடுவதில்லை. அவர்கள் வீட்டுக்குச் செல்வதற்காகப் மணமான பெண்களின் அக்கால வழக்கப்படி பல்லுக்கு மை தீட்டி, தாயின் சீப்பால் தலைவார அமர்கிறாள். வாரவாரக் கூந்தல் கற்றை கற்றையாக உதிர்ந்து குருதி சொட்டும் அந்த நீண்ட காட்சியில், பார்வையாளர் கண்ணெதிரே ஒரு மனைவி ஆவியாக மாறுகிறாள். பின்னர் அவள் பிணத்தையும் வேலையாள் கொஹெய்யின் பிணத்தையும் ஒரே கதவின் இருபுறமும் அறைந்து, கள்ளக்காதலர் என்ற பழியோடு இயெமோன் ஆற்றில் விடுகிறான். முதல் அரங்கேற்றத்தில் அந்த இரு வேடங்களையும் நடிகர் மூன்றாம் ஒனோயே கிகுகொரோ ஒருவரே ஏற்றார்.

ஓயிவாவின் ஆவி பழிவாங்கும் முறையைக் கவனிக்க வேண்டும். திருமண இரவில் புதுமணப்பெண்ணின் முகத்தில் ஓயிவாவின் முகத்தைக் காணும் இயெமோன், அஞ்சி வாளை வீசி, தான் விரும்பி மணந்தவளையே வெட்டிவிடுகிறான். கொலைக்கு வேண்டிய கையும் வாளும் அவனுடையவையே. அவள் அவன் பார்வையை மட்டுமே எடுத்துக்கொள்கிறாள். இன்னொரு பழங்கதையில், பத்துத் தட்டுகளுள் ஒன்று காணாமற்போன பழியால் மாண்டு, கிணற்றிலிருந்து ஒன்பதுவரை எண்ணி அழும் பணிப்பெண் ஒகிக்குவும் யாரையும் தாக்க வேண்டியதில்லை. கணக்கு இரவுதோறும் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். சட்டத்தின்முன் சொல்லெடுபடாத பெண்களுக்கு நாடகாசிரியர்கள் அளித்த வழக்குமன்றம் இது என்றே நான் கருதுகிறேன்.

ஓயிவாவாக நடிப்போர் யோட்சுயாவிலுள்ள அவளது கோயிலில் வணங்கிய பிறகே மேடையேறுவது வழக்கம். அக்கோயிலின் மரபோ, உண்மையான ஓயிவா கணவனோடு ஒற்றுமையாக வாழ்ந்து, உழைப்பால் குடும்பத்தை நிமிர்த்திய பெண் என்கிறது.