சொல் என்று பெயர் வைத்த பெண்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் பாராட்டிய நூலகர் அம்மா அவர்களே, இன்னொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து மகிழ்வித்த வாசகர் வட்ட நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்தவன் நான். அவர் முன்னால் பேசுவது எனக்குப் பெரும் பேறு.

இன்று நான் எடுத்துக்கொண்டது ‘ஸ்கூல் டேஸ்’ என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர். 2007-ல் வந்தது, 12 பகுதிகள். காதலில் தொடங்கிக் கொலையில் முடிகிற கதை, சிறு பிள்ளைகளுக்கானது இல்லை. மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்தேன். இது யாருடைய கதை? செக்காய் என்ற பெண் கெட்டவளா? முதலில் கணினி விளையாட்டாக வந்த கதை இது, அதில் பல முடிவுகள் இருந்தும் தொடர் ஏன் இந்த முடிவைப் பிடித்தது?

முதலில், யாருடைய கதை. எல்லோரும் மக்கோத்தோ என்ற பையனைத்தான் நாயகன் என்கிறார்கள். 2005-ல் இது கணினி விளையாட்டாக வந்தபோது அது சரி. அங்கே ஆடுகிறவர் நாம். எந்தப் பக்கம் போவது என்று அவனுக்காக நாம்தான் முடிவு செய்கிறோம். தொடரில் அந்த வேலை நமக்கு இல்லை. நம் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள், அவனிடம் என்ன மிஞ்சுகிறது? யார் பக்கத்தில் வந்து நிற்கிறார்களோ அவர்கள் பின்னால் போகிற ஒரு பையன், அவ்வளவுதான்.

கதையைச் சுமப்பவள் கோத்தோனோஹா. காலை ரயிலில் புத்தகம் படித்தபடி வருகிறாள். அவளுக்குத் தெரியாமல் அவன் போனில் படம் எடுக்கிறான். பிடித்தவர் படத்தை போன் திரையில் வைத்து, மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றினால் காதல் கைகூடும் என்று அந்தப் பள்ளியில் ஒரு நம்பிக்கை. பக்கத்து இருக்கை செக்காய் அதைப் பார்த்துவிடுகிறாள். நானே சேர்த்துவைக்கிறேன் என்கிறாள், சேர்த்தும் வைக்கிறாள். அதே பகுதியின் முடிவில், செய்த உதவிக்குக் கைம்மாறாக அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். கோத்தோனோஹாவுக்கு ஒன்றும் தெரியாது.

பெயர்களைக் கவனியுங்கள். கோத்தோனோஹாவின் பெயரை எழுதும் எழுத்துகளுக்குச் சொல், மொழி என்று பொருள். செக்காய் என்றால் உலகம். சொல் என்று பெயர் வைத்த பெண்ணின் பேச்சைக் கதையில் ஒருவரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. வகுப்புப் பெண்கள் வேலையை அவள் தலையில் கட்டுகிறார்கள். பள்ளிக்குள் போடும் செருப்பு காணாமல் போகிறது, வெறும் சாக்ஸோடு வராந்தாவில் நடக்கிறாள். அப்போதும் யாரிடமும் புகார் சொல்வதில்லை. என் அம்மா அடிக்கடி சொல்வார், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று. இவள் அழாத பிள்ளை.

இந்தத் தொடரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2007 செப்டம்பரில் கடைசிப் பகுதி ஒளிபரப்பாக வேண்டிய சமயம். கியோத்தோ பகுதியில் 16 வயதுப் பெண் ஒருத்தி தந்தையைக் கொன்றுவிட்டாள் என்று செய்தி வருகிறது. டிவி கனகாவா நிலையத்தார் கடைசிப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். என்ன ஆகப்போகிறதோ என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் ராத்திரி தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரம் வருகிறது. திரையில் கோத்தோனோஹா இல்லை, மக்கோத்தோ இல்லை. மலை தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது. நார்வே நாட்டு ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நுழையும் கடலில், ஒரு படகு மெதுவாகப் போகிறது. பின்னணியில் மேற்கத்திய இசை. இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தால் அரை மணி நேரமும் இயற்கைக் காட்சிதான்! அதைப் பார்த்த யாரோ ‘நைஸ் போட்’ என்று இணையத்தில் எழுத, அந்த இரண்டு சொல் உலகம் முழுக்கச் சுற்றியது. அப்புறம் கடைசிப் பகுதி வெளியானபோது பார்த்தால், அதன் இறுதிக் காட்சியிலும் ஒரு படகு! கடலில் தனியாக மிதக்கும் அந்தப் படகில் கோத்தோனோஹா. மக்கோத்தோவின் தலையை அணைத்தபடி படுத்திருக்கிறாள். அவனைக் குத்தியது செக்காய், செக்காயைக் கொன்றது இவள்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கொலைக்கு முன்னால் ஒரு காட்சி. கிறிஸ்துமஸ் சமயம், தெருவெல்லாம் விளக்கு. எதிர்முனையில் யாரும் இல்லாத போனைக் காதில் வைத்து, அவனிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறாள். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு நாயகி யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு எத்தனையோ நாள் முன்பே அவள் யாரிடமாவது பேசியிருக்க வேண்டும். யாரிடம் பேசுவாள்? 12 பகுதியிலும் பெரியவர்கள் அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை.

ஜப்பானில் பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்தும் பணி 1995-ல் தொடங்கியது. ஒட்சு நகரில் 2011-ல் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளான ஒரு சிறுவன் உயிரை விட்டான். அதன் பிறகுதான், 2013-ல், பள்ளிக் கொடுமையைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அழத் தெரியாத பிள்ளையை யார் தேடிப் போவது? நம் ஊர்ப் பள்ளியில் ஆலோசகர் ஒருவர், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. இந்த இரண்டுக்காகத்தான் இந்த மூன்று மாதமாக மேடை மேடையாகப் பேசி வருகிறேன். வார்டு உறுப்பினர் அவர்கள் தலையசைத்தார்கள், மிக்க நன்றி.

செக்காயைப் பற்றி நிறைய இருக்கிறது, முடிவைப் பற்றிய மூன்றாவது கேள்வியும் பாக்கி. ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆலோசகரும் அறையும் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் நூலில் கட்டி வைத்திருக்கிறேன். பின்னால் நிற்கும் பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டாம், பெற்றோரை அழைத்து வாருங்கள். நானும் நூலகர் அம்மாவும் எட்டரை மணி வரை அங்கேயே இருப்போம்.