கடைசிப் பக்கம் வரை

நேயர்களுக்கு வணக்கம். மாட்டுங்கா, தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் என்று மும்பையில் எங்கிருந்து கேட்டாலும் உங்களுக்கு என் அன்பு.

பன்னிரண்டாவது முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் என்னிடம் சொல்வது இதைத்தான்: "இவள் நல்லா வாய் பேசுவா, வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமா?" பேச்சு வேண்டியதுதான். ஆனால் சட்டப் படிப்பு எனக்குத் தந்த பெரிய சொத்து பேச்சு இல்லை, வாசிப்பு.

முதல் வருடம் ஓல்கா டெல்லிஸ் வழக்கைப் படித்தோம். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு. 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். ஊரில் வறட்சி, சொந்த நிலம் கிடையாது, 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் கட்டின குடிசை. 1981-ல் அதைப் பிரித்துப்போட்டு, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வேலைக்காக அவர் திரும்பி வந்தார். அதைப் படித்தபோது எங்கள் தாத்தா வந்த கதை மாதிரியே இருந்தது எனக்கு.

பேராசிரியர் கேட்டார்: "இவர் ஜெயித்தாரா, தோற்றாரா?" ஜெயித்தார் என்று வகுப்பே சொன்னது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அல்லவா அது! "சரி, கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வாருங்கள்" என்றார். படித்தோம். நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் தரும் மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு செல்லும், ஆனால் மழைக்காலம் போகட்டும், அக்டோபர் 31 வரை குடிசைகளை அகற்றக் கூடாது என்று இருந்தது. அத்தனை பெரிய கொள்கை ஜெயித்தும் குடிசை நிற்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் எந்தக் காகிதத்தையும் நான் பாதியில் வைத்ததில்லை.

சில வருடம் முன்பு தாராவி அண்ணாச்சி ஒருவர் வாடகைக் காகிதத்தோடு வந்தார். நோட்டரி முத்திரை, 11 மாதக் கணக்கு. பெயின்ட் அடிக்க டெபாசிட்டில் பாதியைப் பிடிப்பேன் என்கிறாராம் வீட்டுக்காரர். "அப்படித்தான் பேசினோம்" என்று அவர் அடித்துச் சொல்ல, இவர் இல்லை என்கிறார். காகிதத்தில் பெயின்ட் பற்றி ஒரு வரி கிடையாது. அண்ணாச்சி அரை மணி நேரம் கோபப்பட்டார்; நான் குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒன்றுதான் கேட்டேன்: "ரிஜிஸ்டர் பண்ணினீங்களா?" 11 மாதத்துக்கு எதற்கு ரிஜிஸ்டர் என்றார்.

ஊரெல்லாம் அப்படித்தான் நம்புகிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, 55-ஆம் பிரிவைப் படித்தால் வேறு விஷயம் தெரியும். லீவ் அண்ட் லைசென்ஸ், அதாவது குடியிருக்க அனுமதி மட்டும் தருகிற இந்த மாதிரி ஒப்பந்தம் ஆனாலும், எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்ய வைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் செய்யாவிட்டால், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே நிற்கும், 'வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய'. அந்தக் கடைசிச் சொற்களை அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் வீட்டுக்காரரின் வக்கீல் அங்கேதான் வந்து நிற்பார். எதிராளி எங்கே நிற்பார் என்று முதலில் பார்ப்பது, சட்டக் கல்லூரியில் மாணவர்கள் வாதாடிப் பழகும் 'மூட் கோர்ட்'டில் வந்த பழக்கம். ஒரு வாரம் வாதிக்குப் பேசிய வழக்கிலேயே மறுவாரம் பிரதிவாதிக்குப் பேச வைப்பார்கள்.

அதனால், பெற்றோரே, பிள்ளையின் வாயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலமாரியில் இருக்கிற வாடகை அக்ரிமென்டை எடுத்து அவள் கையில் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "அம்மா, இந்த வரியில் ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று கேட்டால், சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு சி.இ.டி.க்கு விண்ணப்பம் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.