பிள்ளையின் பையை முதலில் கட்டுங்கள்

வணக்கம். திருகோணமலை நகரில் ஒரு பயண முகவர் நிலையத்தில் 22 வருடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான். சின்னப் பிள்ளைகளோடு விமானம் ஏறுகிறவர்களின் பொதிகளைப் பற்றிப் பேசச் சொல்லி இன்று அழைத்திருக்கிறார்கள். எனக்கே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம். மகளும் 11 மாதப் பேரனும் விடுமுறை முடிந்து கனடாவுக்குத் திரும்புகிறார்கள், துணைக்கு நானும் போகிறேன். பின்னேரம் வேனில் ஏறி ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேரவே ஆறு மணி நேரமாகிவிட்டது. கவுன்டரில் முதல் பெட்டியைத் தராசில் வைத்தால் 28 கிலோ. அனுமதி 23. கைப்பையையும் நிறுத்தார்கள், 7 கிலோவுக்குப் பதில் ஒன்பதரை. மற்றப் பெட்டியில் கொஞ்சம் இடம் இருந்தது. நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திறந்தோம். மிளகாய்த்தூள் பொட்டலங்கள், ஒடியல் மா, மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றிய கருவாடு, சம்பந்தி வீட்டுக்கு ஒரு பார்சல். பின்னால் வரிசை நீண்டு கொண்டே போகிறது, பேரன் அழுகிறான். கையில் அகப்பட்டதை எல்லாம் இடம் இருந்த பெட்டிக்குள் திணித்தோம். அப்படித் திணித்ததில் பால்மா டின்னும், பிள்ளையின் இரண்டு சோடி உடுப்பும் போய்விட்டன.

இடையில் இறங்கிய விமான நிலையத்தில் அடுத்த விமானம் ஒன்பது மணி நேரம் பிந்தியது. எங்களிடம் இருந்தது இரண்டு வேளைப் பால். அங்கே கடையில் வாங்கிய பால்மா வேறு வகை, பிள்ளை வாயில் வைத்ததும் துப்பினான். பெட்டியைக் கேட்டால் அது விமானத்துக்குள் போய்விட்டது, எடுக்க முடியாது என்றார்கள். என் தோளில் கிடந்து அழுது அழுது அவன் தூங்கிப்போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பெட்டிகளைக் கட்டியது நான்தான்.

நம் வீடுகளில் பெட்டி கட்டும் முறை உங்களுக்குத் தெரியும். இத்தனை கிலோ என்று தெரிந்த உடனே சித்திக்கு இவ்வளவு, மாமா வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறோம். பிள்ளையின் சாமானை மிஞ்சிய மூலையில் செருகுகிறோம். இதை மாற்ற வேண்டும். பிள்ளையின் பையை முதலில் கட்டுங்கள். அது நிறைந்து, நிறுத்துப் பார்த்த பிறகுதான் தூளும் கருவாடும்.

இப்போது விதிகளுக்கு வருகிறேன். விமான நிறுவனங்களின் கணக்கில் இரண்டு வயது ஒரு கோடு. அதற்குக் கீழே உள்ள பிள்ளை மடியில்தான், தனி இருக்கை இல்லை. சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தின் 10 வீதம் அளவில் வாங்குவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பல நிறுவனங்கள் 10 கிலோ தருகின்றன, சில நிறுவனங்கள் ஒரு பெட்டியே தருகின்றன. மலிவு விலை நிறுவனங்கள் சிலவற்றில் ஒன்றுமே கிடையாது. இரண்டு வயது முடிந்தால் தனி இருக்கை வாங்க வேண்டும், அப்போது பெரும்பாலும் பெரியவருக்குரிய அதே அளவு பொதி கிடைக்கும். வயதைப் பார்ப்பது டிக்கெட் வாங்கிய நாளில் அல்ல, பறக்கிற நாளில். ஊருக்கு வரும்போது 23 மாதம், இங்கே கோயில் திருவிழா எல்லாம் முடித்துத் திரும்பும்போது 25 மாதம் என்றால், திரும்பும் பயணத்துக்கு இருக்கை வேண்டும். இது தெரியாமல் கடைசி நேரத்தில் என் மேசைக்கு ஓடிவந்த தாய்மார் எத்தனையோ பேர்.

உங்கள் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பொதி அளவு போட்டிருக்கும். ‘30கே’ (30K) என்றால் 30 கிலோ, ‘2பிசி’ (2PC) என்றால் இரண்டு பெட்டி. பிள்ளையின் பெயருக்கு நேரே ‘நில்’ (NIL) என்று இருந்தால் ஒன்றும் இல்லை. கிலோக் கணக்கில் போகிறவர்கள், ஒரே டிக்கெட்டில் இருந்தால், குடும்பத்துக்கான மொத்தக் கிலோவைப் பெட்டிகளுக்குள் பகிர்ந்து கொள்ளப் பெரும்பாலான நிறுவனங்கள் விடுகின்றன. ஆனாலும் தனிப்பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் முதுகுக்காக வந்த விதி அது, நியாயமானது. பெட்டிக் கணக்கில் போகிறவர்களுக்கு இந்தப் பகிர்வு இல்லை. ஒன்று 18, மற்றது 28 என்று வைத்துவிட்டு, கூட்டினால் சரிதானே என்று கேட்டால் ஏற்க மாட்டார்கள்.

சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று வாங்குகிறவர்கள் கவனியுங்கள். இரண்டாவது நிறுவனம் தன் கணக்கைத்தான் பார்க்கும். யாழ்ப்பாணம் பலாலியில் இருந்து சென்னைக்கு ஓடுவது சின்ன ஏ.டி.ஆர். விமானம், தலைக்கு மேலே உள்ள தட்டும் சிறியது. பெரிய கைப்பையை வாசலிலேயே வாங்கிக் கீழே பெட்டிகளோடு போடக்கூடும். அப்படி நடந்தால் பால் போத்தலையும் மருந்தையும் கையில் எடுத்துக்கொண்ட பிறகு பையைக் கொடுங்கள்.

தள்ளுவண்டியும் கார் இருக்கையும் பெரும்பாலான நிறுவனங்களில் இலவசம், பொதிக் கணக்கில் சேராது. வண்டிக்குக் கவுன்டரில் ஒரு அட்டை கட்டித் தருவார்கள், விமான வாசல் வரை பிள்ளையை வைத்துத் தள்ளிப் போகலாம். ஆனால் இடையில் இறங்கும் ஊரில் அது வாசலுக்கே வருமா, கடைசி ஊரில்தான் கிடைக்குமா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். அட்டை கட்டும்போதே கேளுங்கள். கைக்குழந்தையைக் கட்டிக்கொள்ள ஒரு நீளப் பருத்தித் துணியும் கையோடு இருக்கட்டும், நம் பழைய சேலைத் துண்டு போதும்.

அப்புறம் பால். கைப்பையில் 100 மில்லிலீட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதிக்கு வேர் 2006. பானப் போத்தல்களில் வெடிமருந்து கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதித்திட்டம் ஒன்று அந்த ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்டது. உடனே திரவங்களுக்குத் தடை வந்தது. அந்த முதல் நாளிலேயே குழந்தையின் பாலுக்கு விலக்குக் கொடுத்தார்கள், கூட வருகிறவர் சுவைத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்றைக்கும் பல நாடுகளில் தாய்ப்பால், கரைத்த பால்மா, குழந்தை உணவு, மருந்து எல்லாம் பயணத்துக்குத் தேவையான அளவுக்கு அனுமதி. ஆனால் பையின் அடியில் ஒளித்தது போல வைக்காதீர்கள். தனிப் பையில் போட்டு, சோதனைக்காரர் கேட்கும் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். தாய்ப்பாலை எடுத்துக் காட்டக் கூச்சப்பட வேண்டியதில்லை, தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். வெந்நீர்ப் போத்தலை வெறுமையாகக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்த பிறகு தேநீர்க் கடையில் நிரப்பிக்கொள்வது எனக்குப் பழகிய வழி. பிள்ளைக்கான இந்தச் சலுகை பெரியவர்களின் சாமானுக்கு இல்லை. தயிர் முட்டியும் நல்லெண்ணெய்யும் ஊறுகாயும் திரவக் கணக்கில்தான் வரும்.

திருக்கோணேஸ்வரத்தில் அர்ச்சனை செய்து, அந்தத் தேங்காயைக் காயவைத்துக் கொண்டு போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கொப்பரா தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளாகச் சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. விபூதியும் குங்குமமும் கொண்டு போங்கள், அது போதும். பவர் பாங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும்.

சரி, பிள்ளையின் பையில் என்ன இருக்க வேண்டும்? பயணம் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எண்ணி, அதோடு இன்னும் 12 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரத்துக்கான பால்மாவைச் சின்ன டப்பாக்களில் வேளை வேளையாக அளந்து போடுங்கள். பம்பர்ஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. உடுப்பு மூன்று சோடி, தாய்க்கும் ஒரு மேல்சட்டை, ஏனென்றால் பிள்ளை சத்தி எடுப்பது தாயின் மேல்தான். காய்ச்சல் மருந்தை அதன் பெட்டியோடு வையுங்கள். தூங்கும்போது பிள்ளை பிடித்திருக்கிற துணியோ பொம்மையோ எதுவோ, அதை மறக்காதீர்கள். இவ்வளவையும் போட்டால் நாலைந்து கிலோ வரும். பிள்ளைக்கென்று தனிக் கைப்பை அனுமதி இருந்தால் அதில் போகட்டும். இல்லாவிட்டால் உங்கள் 7 கிலோவில் பாதிக்கு மேல் இதற்குத்தான், மடிக்கணினியும் பலகாரமும் வேறெங்காவது போகட்டும்.

பெட்டி வராவிட்டால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முறைப்பாடு எழுதி, இலக்கத்தோடு பிரதி வாங்குங்கள். விமானப் பயணிகளுக்கான இழப்பீடு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மொன்றியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டி வரும்வரை பிள்ளைக்கு வாங்குகிற பால்மா, பம்பர்ஸ், உடுப்பு எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். தள்ளுவண்டியின் சக்கரம் வளைந்திருந்தாலும் அங்கேயே காட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் பொதிதான்.

நன்றி, வணக்கம்.