இரண்டு எச்சங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கால்நடை நுண்ணுயிரியல் என்று என் வேலையைச் சொன்னதும், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்களாமே, கறியில் அந்த மருந்து தங்கிவிடாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அதை விளக்க நம் மொழியே எனக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. 'எச்சம்' என்றால் மிச்சம். பறவை இடும் கழிவுக்கும் அதே பெயர். கேட்பவர் பயப்படுவது முதல் எச்சத்துக்கு. எனக்குப் பயம் இரண்டாவதன் மேல்.

முதல் எச்சத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கால்நடைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளுக்கு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. கடைசி வேளை மருந்து கொடுத்து இத்தனை நாள் ஆன பிறகே இறைச்சிக்கு அனுப்பலாம், பாலை விற்கலாம் என்று ஒரு கணக்கு. அதற்குள் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைப் பெருமளவு வெளியேற்றிவிடும். கணக்கை மதிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் பரிசோதனைகள். ஆனாலும் மருந்து ஒரு வேதிப்பொருள். குறையும், சிதையும், குட்டி போடாது.

இரண்டாவது எச்சத்தில் இருக்கும் பாக்டீரியா குட்டி போடும். வசதியான சூழல் கிடைத்தால், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும்.

ஆய்வகத்தில் நாங்கள் தினமும் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். வானொலியில் காட்ட முடியாது, நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கோழியின் எச்சத்திலிருந்து ஈ.கோலையைப் பிரித்தெடுத்து, உள்ளங்கை அளவு தட்டில் இருக்கும் ஊட்டக்கூழின் மேல் பூசுகிறோம். அதன் மேல், வெவ்வேறு மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைக்கிறோம். ஓர் இரவு கதகதப்பில் விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால், மருந்து வேலை செய்யும் இடத்தில் வில்லையைச் சுற்றி ஒரு தெளிவான வட்டம் தெரியும். அங்கே எதுவும் முளைத்திருக்காது. மருந்து தோற்ற இடத்தில் வட்டமே இருக்காது. வில்லையின் விளிம்பை உரசிக்கொண்டு புல்தரை மாதிரி வளர்ந்திருக்கும். ஐந்து வில்லை வைத்து ஒரே ஒரு வட்டம் மட்டும் தெரிந்த தட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இதில் முக்கியம் என்னவென்றால், அந்தக் கோழிக்கு எந்த நோயும் இல்லை. நன்றாகத் தின்றுகொண்டு திரிந்த கோழி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சரிசெய்துவிடுகிறேன். "அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சு, இப்போ கேட்க மாட்டேங்குது" என்று சொல்வோம். ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் உடம்பு எதற்கும் பழகுவதில்லை. எதிர்ப்பு என்பது பாக்டீரியாவின் சொத்து. குடலில் கோடிக்கணக்கில் இருப்பவற்றில், மருந்தைத் தாங்கும் மரபணு தற்செயலாக ஏதோ ஒன்றிரண்டிடம் இருக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாகின்றன. பந்தியில் இடம் காலியாகிறது, மிஞ்சியவை வந்து உட்கார்கின்றன. மருந்து கொஞ்சமாக, ஆனால் பல வாரங்கள் விடாமல் வந்துகொண்டிருந்தால் இந்த உட்காரல் நிலைத்துவிடும். தீவனத்தில் கலக்கும் மருந்து அப்படித்தான் வந்தது.

தீவனத்துக்குள் மருந்து நுழைந்ததே ஒரு விபத்து. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டட் என்ற இருவர் வைட்டமின் பி12-ஐத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற மருந்தைத் தயாரித்த பின் மிஞ்சும் நொதித்த சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வைட்டமின் கணக்கில் எதிர்பார்த்ததைவிட அவை அதிகம் வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1950இல் செய்தி வெளியானது. அப்புறம் என்ன, குறைந்த தீவனத்தில் கூடுதல் எடை என்றால் எந்தப் பண்ணையாளர்தான் வேண்டாம் என்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அன்றைக்கு அது அறிவியலின் பரிசாகவே தெரிந்தது.

அந்தப் பரிசு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டவர் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர். ஒரு பண்ணையில் கோழிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுத்தார். முடிவுகள் 1976இல் வெளிவந்தன. மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடலில் ஒரே வாரத்தில் ஏறக்குறைய எல்லாமே டெட்ராசைக்ளினைத் தாங்கும் பாக்டீரியாவாக மாறிவிட்டன. அந்தப் பண்ணை வீட்டில் வசித்த குடும்பத்தின் மலத்தையும் அவர் வாராவாரம் சோதித்துக்கொண்டிருந்தார். (இப்படி ஒரு ஆய்வுக்குச் சம்மதித்த குடும்பத்துக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம்.) ஐந்தாறு மாதத்தில் அவர்கள் கொடுத்த மாதிரிகளில் 31 சதவீதத்தில், பாக்டீரியாக்களில் ஐந்தில் நான்குக்கு மேல் எதிர்ப்பு பெற்றவையாக இருந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் இது 7 சதவீதம்கூட இல்லை. அந்தக் குடும்பம் மருந்து சாப்பிடவில்லை. அதோடு, ஒரே மருந்துத் தீவனம்தான் போட்டார்கள். ஆனால் பல மருந்துகளுக்கு ஒருசேர எதிர்ப்பு காட்டும் பாக்டீரியா வந்து நின்றது.

ஒரு மருந்து போட்டால் பல எதிர்ப்பு ஏன் வருகிறது? பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று வளையம் போன்ற ஒரு சிறு மரபணுத் துண்டு இருக்கும். சாவிக்கொத்து மாதிரி, ஒரே வளையத்தில் பல எதிர்ப்பு மரபணுக்கள் கோத்திருக்கும். ஒன்று தேவைப்பட்டாலும் கொத்து முழுவதும் கூடவே வரும். இந்தக் கொத்தைப் பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்கு நகல் எடுத்தும் கொடுக்கலாம். வாங்குவது அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"சரி, மனிதர்களும்தான் மருந்தைக் கண்டபடி விழுங்குகிறோம், பழியைப் பண்ணையின் மேல் எப்படிப் போடுவது?" என்று கேட்கலாம். பல இடங்களில் பிரித்துச் சொல்வது கடினம்தான். ஆனால் கிழக்கு ஜெர்மனியில் வரலாறு தானாகவே ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தது. அங்கே 1983இல் நூர்சியோத்ரிசின் என்ற மருந்தைப் பன்றிகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்த்தார்கள். அது மனிதருக்குக் கொடுக்கும் மருந்தே கிடையாது. அதனால் எதிர்ப்பு எங்கே தென்பட்டாலும் வந்த வழி பன்றிக் கொட்டில்தான் என்று சொல்லிவிடலாம். முதலில் பன்றிகளின் ஈ.கோலையில் அதைத் தாங்கும் பிளாஸ்மிட் தெரிந்தது. பிறகு பண்ணையில் வேலை செய்தவர்களிடம், அவர்கள் குடும்பத்தாரிடம். அதற்குப் பிறகு, பன்றியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊர்க்காரர்களின் சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளிலும். சில ஆண்டுகளில் அதே எதிர்ப்பு மரபணு ஷிகெல்லாவிலும் வந்துவிட்டது. ஷிகெல்லா மனிதருக்கு இரத்தபேதி கொடுக்கும் கிருமி. பன்றியில் குடியிருப்பது அதன் வழக்கமே இல்லை. சாவிக்கொத்து கைமாறிக் கைமாறி அங்கே போயிருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

பெயரைப் பார்த்து ஏமாந்த கதைகளும் உண்டு. ஐரோப்பாவில் தீவனத்தில் கலந்த அவோபார்சின் மனிதருக்குக் கொடுக்கப்படாத மருந்துதான். ஆனால் மருத்துவமனைகளில் கடைசிக் கட்டத்தில் எடுக்கும் வான்கோமைசினுக்கு அது பங்காளி முறை. ஒன்றைத் தாங்கப் பழகிய என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா இன்னொன்றையும் தாங்கியது. டென்மார்க் 1995இலும், ஐரோப்பிய ஒன்றியம் 1997இலும் அதை நிறுத்தின. கோலிஸ்டின் கதையில் நேர்மாறு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் ஓரமாக வைத்திருந்த பழைய மருந்து அது. கால்நடைகளுக்கு டன் கணக்கில் போனது. வேறு எதுவும் கேட்காத தொற்றுகளுக்கு மருத்துவர்கள் அதைத் திரும்ப எடுத்த நேரத்தில், 2015இல், அதற்கான எதிர்ப்பு மரபணு சீனாவில் பிளாஸ்மிட்டில் ஏறி உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. பன்றிகளிலும், இறைச்சியிலும், நோயாளிகளிலும். தீவனத்தில் வளர்ச்சிக்காக அதைக் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது.

நிறுத்தினால் பலன் இருக்கிறதா? இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், குஞ்சு பொரிக்கும் முன்பே முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற மருந்தை ஊசியால் போடுவது வழக்கமாக இருந்தது. 2005இல் பொரிப்பகங்கள் தாமாகவே அதை நிறுத்தின. உணவு வழியே பேதி கொடுக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவில் ஹைடல்பர்க் என்ற வகையை எடுத்துக்கொண்டால், கடைக் கோழி இறைச்சியில் 62 சதவீதமாக இருந்த எதிர்ப்பு இரண்டே ஆண்டில் 7 சதவீதத்துக்கு இறங்கியது. மனித நோயாளிகளிலும் 36லிருந்து 8 ஆனது. பிறகு மருந்தை ஓரளவு திரும்பக் கொண்டுவந்தார்கள். எண்களும் திரும்ப ஏறின.

ஆனால் தடை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வளர்ச்சிக்கான மருந்தை டென்மார்க் நிறுத்தியதும், தாயைவிட்டுச் சீக்கிரம் பிரித்த பன்றிக்குட்டிகளுக்குப் பேதி கூடி, சிகிச்சைக்கான மருந்து செலவு கொஞ்ச காலம் ஏறியது. மருந்து இதுவரை மறைத்துவைத்திருந்த நெரிசலும் அழுக்கும் அவசரமும் வெளியே வந்துவிட்டன. கொட்டிலைத் திருத்தாமல் மருந்தை மட்டும் பிடுங்கினால் விலங்குதான் கஷ்டப்படும். நோய் வந்த விலங்குக்கு வைத்தியம் பார்க்காமல் விடுவதும் கொடுமையே. இன்னொரு சங்கடம், இருபதாயிரம் கோழிகள் இருக்கும் கொட்டிலில் நூறு கோழி சுணங்கினால், அந்த நூறை மட்டும் பிடித்து மருந்து கொடுக்க முடியாது. குடிநீர்க் குழாயில் கலந்து எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த முன்மாதிரி நார்வேயின் சால்மன் மீன் வளர்ப்புதான். 1987இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் அந்த மீன்களுக்குப் போனது. தடுப்பூசி வந்தது. மீன் உற்பத்தி பல மடங்கு பெருகி, மருந்து ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. மீனுக்குத் தடுப்பூசியா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

கடைசியாக, சமையலறை. நன்றாக வெந்த கறியில் எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவும் சாதாரண பாக்டீரியாவும் ஒன்றுபோல்தான் சாகும்; சூட்டுக்கு எதிராக அவற்றிடம் தனிச் சாவி எதுவும் இல்லை. ஆபத்து அடுப்புக்கு வருவதற்கு முன்னால். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே பச்சையாகத் தின்னும் காயை நறுக்காதீர்கள். கறியைக் குழாயடியில் வேகமாகப் பிடித்துக் கழுவினால், தெறிக்கும் துளிகள் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் போகும். இறைச்சியே தொடாதவர்களுக்கும் இதில் பங்குண்டு, ஏனென்றால் கோழி எருவும் மாட்டு எருவும் வயலுக்குத்தான் போகின்றன. 'ஆன்டிபயாட்டிக் இல்லாதது' என்று உறையில் அச்சிட்டிருந்தால், அது மருந்தைப் பற்றிய பேச்சு. உள்ளே இருக்கும் பாக்டீரியாவிடம் எந்தச் சாவிக்கொத்து இருக்கிறது என்று அந்த உறைக்குத் தெரியாது. அதனால் அதை வாங்கினாலும் கையையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.