ஹர்டில் பந்தயம்: சனிக்கிழமைக்கு முன்னால் ஜாக்கி போடும் கணக்கு

[திரையில்: மழை நனைத்த புல்வெளி, குறுக்கே வரிசையாகத் தடைகள்]

வணக்கம். குதிரைப் பந்தயம் என்றால் நம்மில் பலருக்குக் கிண்டியும் ஊட்டியும்தான் நினைவுக்கு வரும். அங்கே நாம் பார்த்தது தடையில்லாத ஓட்டம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் நடப்பது வேறு வகை. அங்கே குதிரைகள் தடை தாண்டி ஓடுகின்றன. வாரக் கடைசியில் நாலைந்து குதிரைகளில் ஏறப்போகும் ஒரு ஜாக்கி, அதற்கு முந்தின நாள் எதையெல்லாம் யோசிப்பார்? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் தடையைப் பார்த்துவிடலாம். ஹர்டில் என்ற இந்தத் தடையின் உயரம் சுமார் மூன்றரை அடி. மரச்சட்டத்தைத் தரையில் அடித்து நிறுத்தியிருப்பார்கள். குதிரையின் கால் பட்டால் அது கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். தடை தாண்டும் பந்தயத்தின் இன்னொரு வகையான ஸ்டீபிள்சேஸில் தடை இதைவிடப் பெரியது, குறைந்தது நாலரை அடி. இரண்டு மைல் ஹர்டில் பந்தயத்தில், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டரில், வழக்கமாக எட்டுத் தடைகள் இருக்கும்.

மூன்றரை அடியைத் தாண்டுவது இந்தக் குதிரைகளுக்குப் பெரிய வேலை இல்லை. வேகம் குறையாமல் தாண்டுவதுதான் வேலை. உயரமாக எழும்பித் தாண்டும் குதிரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது காற்றில் மிதக்கும் நேரத்தில் பக்கத்துக் குதிரை தரையிறங்கி ஓடத் தொடங்கியிருக்கும். நல்ல ஹர்டில் குதிரை தாழ்வாக, வேகமாகத் தாண்டிவிட்டு ஓட்டத்தை விடாமல் தொடரும். ஒரு தடைக்கு அரைக் குதிரை நீளம் மிச்சம் பிடித்தால் எட்டுத் தடைக்கு நான்கு நீளம். பெரிய பந்தயங்கள் பல அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்திருக்கின்றன. அதனால் "எது வேகமான குதிரை" என்பதைவிட "எது தடையில் நேரத்தை இழக்காது" என்ற கேள்வியைத்தான் ஜாக்கி முதலில் கேட்பார்.

[திரையில்: ஒரு குதிரை தடையை நெருங்குவது, மெதுவான ஓட்டத்தில்]

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். தடைக்கு மூன்று நான்கு பாய்ச்சல் முன்னாலேயே, குதிரை சரியான தூரத்தில் எழும்புமா என்று ஜாக்கிக்குத் தெரிந்துவிடும். தூரம் சரியாக இருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். சரியில்லை என்றால் இரண்டே வழி: குதிரையை நீட்டிப் பாயவிட வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் பிடித்து, ஒரு குட்டிப் பாய்ச்சலைச் சேர்க்க வேண்டும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், ஓரிரு நொடிக்குள் இந்த முடிவை எடுத்தாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை, விளையாட்டு உலகத்தின் மிகப் பெரிய திறமைகளில் இதுவும் ஒன்று. வெற்றிக் கம்பத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

சரி, முந்தின நாள் கணக்குக்கு வருவோம். யார் யார் ஓடுகிறார்கள் என்ற பட்டியல் வந்ததும் ஜாக்கி தேடுவது முன்னால் ஓடப் பிடிக்கும் குதிரைகளை. அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது தன் இஷ்டத்துக்கு வேகத்தை வைத்துக்கொள்ளும்; பின்னால் காத்திருப்பவர்களின் கதை முடிந்தது. மூன்று நான்கு இருந்தால் அவை ஒன்றையொன்று சோர்வடைய வைக்கும், அப்போது காத்திருப்பவருக்கு லாபம். இன்னொன்று, முன்னால் ஓடும் குதிரைக்குத் தடை தெளிவாகத் தெரியும். கூட்டத்துக்குள் மாட்டிய குதிரைக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும், கண்ணில் சேறும் தெறிக்கும்.

அப்புறம் திடல். இங்கிலாந்துத் திடல்களில் கெம்ப்டனும் ஆஸ்காட்டும் வலப்பக்கம் திரும்புபவை. செல்டன்ஹாமும் நியூபரியும் இடப்பக்கம். தாண்டும்போது இடப்பக்கம் சாய்கிற பழக்கமுள்ள குதிரையைக் கெம்ப்டனில் ஓடவிட்டால் ஒவ்வொரு தடையிலும் உள்வட்டத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். கெம்ப்டன் சமதளம், வேகக் குதிரைக்கு ஏற்றது. செல்டன்ஹாமில் கடைசியில் ஒரு மேடு ஏற வேண்டும். அந்த மேட்டில் கை நழுவிய பந்தயங்கள் ஏராளம்.

மழை இதையெல்லாம் ஒரே இரவில் மாற்றிவிடும். தரை இளகினால் வேகக் குதிரையின் கால் சேற்றில் இழுக்கும். தம் பிடித்து ஓடும் குதிரைக்குக் கொண்டாட்டம். அதனால் பல ஜாக்கிகள் பந்தயத்துக்கு முன் திடலை நடந்தே சுற்றிப் பார்ப்பார்கள். உள்பக்கம் மிதிபட்டுக் குழம்பியிருந்தால், தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று வெளிப்பக்கம் ஓட்டுவார்கள்.

[திரையில்: செல்டன்ஹாம், கடைசித் தடை]

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் ஒரு தடை போதும். 2015 மார்ச்சில் செல்டன்ஹாமில் ஆனி பவர் என்ற பெண்குதிரை, ரூபி வால்ஷ் சவாரியில், முன்னிலையில் கடைசித் தடைக்கு வந்தது. தூரமாக இருக்கும்போதே எழும்பிவிட்டது, விழுந்தது. மறு வருடம் அதே ஜோடி அங்கேயே, ஹர்டில் பந்தயங்களில் பெரிய பரிசான சாம்பியன் ஹர்டிலை வென்றது. அதே சாம்பியன் ஹர்டிலில், 2025இல், எல்லோரும் நம்பிய கான்ஸ்டிட்யூஷன் ஹில் பாதியிலேயே விழுந்தது. முன்னால் போன ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழுந்தது. 25-க்கு 1 என்ற பந்தய விலையில், அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பாத நிலையில் இருந்த கோல்டன் ஏஸ் ஜெயித்தது. அதை அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டுத் தடைகளையும் விழாமல் கடப்பதும் பந்தயத்தின் பகுதிதான்.

விழுவதைக் குறைக்கவும் வேலை நடக்கிறது. பிரிட்டனில் முன்பு தடைகளின் அடையாளப் பட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு, புல்லிலிருந்து பிரிந்து தெரிவதில்லை என்று எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 2022 முதல் அவற்றைப் பளீரென்ற வெள்ளைக்கு மாற்றினார்கள். குளிர்காலச் சூரியன் தாழ்ந்து கண்ணைக் கூசவைத்தால், சூரியனைப் பார்த்து ஓட வேண்டிய நேர்ப்பாதையில் உள்ள தடைகளையே விட்டுவிட்டு ஓடுவார்கள். ஜாக்கிக்கு இது நல்லதுதான், ஆனால் நன்றாகத் தாண்டும் குதிரையை வைத்துப் போட்ட கணக்கு அங்கே கலைந்துவிடும்.

இந்த வாரக் கடைசியில் ஹர்டில் பந்தயம் பார்த்தால், கடைசிக்கு முந்தின தடைக்கு வரும்போது ஜாக்கிகளின் கைகளைக் கவனியுங்கள். சிலர் ஏற்கெனவே குதிரையைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் குதிரையில் இன்னும் ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.